ஆள் தப்புமா?

மாரடைப்பு வந்தவரை ஒட்டோவிலோ அம்புலன்சிலோ கொண்டுவந்து ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வாசலில் நிற்கிற சொந்தக்காரர் கேட்பது எந்த ஊரிலும் ஒரே கேள்விதான். மட்டக்களப்புப் பக்கத்து எங்கள் சித்தாண்டியில் அது "ஆள் தப்புமா டொக்டர்?" என்று வரும். எந்தக் குழாய் அடைத்தது, என்ன ஊசி ஏற்றினார்கள் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

இதற்குப் பதில் சொல்லும் பொறுப்பு எங்கள் பக்கத்தில் முன்பு பரியாரியிடம் இருந்தது. மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, வாதம் பித்தம் ஐயம் பார்த்து, சாத்தியமா அசாத்தியமா என்று சொல்லிவிடுவார். அதற்கும் மேலே போனால் கோவில் சடங்கில் உருவேறி ஆடுபவர் சொல்லும் கட்டு, அதாவது குறி, இருந்தது. சொன்னது சரிவந்ததும் உண்டு, தவறியதும் உண்டு. எத்தனை சரி, எத்தனை தவறு என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஈ.சி.ஜி. என்கிற கோட்டுத்தாள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லப் பழகிய கதை, பெரும்பாலும் அப்படி எழுதி வைக்கத் தொடங்கிய ஆட்களின் கதைதான்.

ஈ.சி.ஜி. கருவியைச் செய்தவருக்கும் நமக்கும் தூரத்து உறவு ஒன்று உண்டு. 1638இல் மட்டக்களப்புக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்த ஒல்லாந்தர் ஜாவாவையும் ஆண்டார்கள். ஜாவாவின் செமராங் நகரில், அங்கே வேலைபார்த்த ஒல்லாந்த வைத்தியர் ஒருவரின் மகனாக 1860இல் பிறந்தவர் வில்லெம் ஐந்தோவன். தகப்பன் இளவயதில் இறந்துபோக, தாய் 1870இல் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒல்லாந்துக்குத் திரும்பினார். அந்தப் பையன்தான் பிறகு லைடன் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, 1901இல் இழைக் கல்வனோமீற்றரை அறிவித்தார். உருக்கிய குவார்ட்ஸை அம்பில் ஒட்டி எய்து இழுத்த, மயிரைவிட மெல்லிய இழை. அதற்கு வெள்ளிப் பூச்சு. இரண்டு பக்கமும் பெரிய மின்காந்தம். இதயத்தின் மின்சாரம் இழை வழியே போகும்போது இழை ஆடும், அதன் நிழல் ஓடுகிற ஒளிப்படத் தகட்டில் விழும். முழு அமைப்பும் ஏறக்குறைய 270 கிலோ. இயக்குவதற்கு ஐந்து பேர் வேண்டும். நோயாளி இரண்டு கையையும் இடது காலையும் உப்புத்தண்ணீர் வாளிகளில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார். பி, கியூ, ஆர், எஸ், ரி என்று மேடு பள்ளங்களுக்குப் பெயர் வைத்தவரும் அவர்தான்.

கருவியை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போக முடியாது. ஆகவே 1905இல் லைடன் ஆஸ்பத்திரியிலிருந்து ஆய்வுகூடம் வரைக்கும், ஒன்றரைக் கிலோமீற்றர் தூரம், தொலைபேசிக் கம்பி வழியே நோயாளியின் இதயத் துடிப்பை வரவழைத்துப் பதிந்தார். ஈ.சி.ஜி.யைத் தூரத்துக்கு அனுப்பிப் பார்ப்பது வட்ஸ்அப் காலத்துச் சமாசாரம் என்று நினைப்பவர்கள் இந்த ஆண்டைக் குறித்துக்கொள்ளலாம்.

ஐந்தோவனுக்கு முன்பே, 1887இல், லண்டனில் ஒகஸ்டஸ் வோலர் மனித இதயத்தின் மின்சாரத்தைத் தோலுக்கு மேலிருந்து பதிந்திருந்தார். ஜிம்மி என்ற தன் நாயைக் கொண்டும் செய்து காட்டியிருந்தார். ஆனால் ஆஸ்பத்திரிகளில் இதற்குப் பெரிய உபயோகம் வரும் என்று அவரே நம்பவில்லை. அவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. அப்போது இந்தக் கோடுகளால் பதில் சொல்லக்கூடிய கேள்வியே பிறந்திருக்கவில்லை.

மாரடைப்பு அப்போதும் இருந்தது. ஆனால் இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் குழாய் திடீரென்று அடைத்தால் ஆள் உடனே முடிந்துவிடுவார் என்பதுதான் அந்தக் காலத்துப் பாடம். உயிரோடு இருப்பவரில் இந்த நோயை யாரும் தேடவில்லை. பிரேத அறையில்தான் கண்டார்கள். தப்பியவர்களுக்கு அஜீரணம், வாயு, நெஞ்சுக்குத்து என்று வேறு பெயர்கள் இருந்தன. (வாயு என்று சொல்லி ஓம வாட்டர் குடித்துவிட்டுப் படுக்கும் வழக்கம் எங்கள் பக்கத்தில் இன்னும் போகவில்லை என்பது தனிக்கதை.) தப்பியவர்களே இல்லை என்று நம்புகிற இடத்தில் "தப்புமா?" என்று யார் கேட்பார்?

அந்த நம்பிக்கையை உடைத்தது கீவ் நகரத்து வைத்தியர்களான ஒப்ராஸ்ட்சோவும் ஸ்ட்ரஷெஸ்கோவும். குழாய் அடைத்த பிறகும் நோயாளி உயிரோடிருப்பதை, அவர் கட்டிலில் கிடக்கும்போதே கண்டு சொல்லி, 1910இல் வெளியிட்டார்கள். 1912இல் சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக் அதையே தெளிவாக எழுதினார். அவர் விவரித்த 55 வயது நோயாளி, அடைப்பு வந்து 52 மணி நேரம் உயிரோடிருந்தார். அடைப்பு வந்த எல்லாரும் அந்த இடத்திலேயே சாவதில்லை, சிலர் நாட்கணக்கில் இருப்பார்கள், சிலர் முழுதாகத் தேறுவார்கள் என்பது ஹெரிக்கின் வாதம். மருத்துவ உலகம் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணால் காட்ட ஒரு அடையாளம் தேவைப்பட்டது. அவரோடு வேலைசெய்த பிரெட் சிமித் நாய்களின் இதயக் குழாயைக் கட்டி ஈ.சி.ஜி. எடுத்து, கோடு மாறும் விதத்தை 1918இல் காட்டினார். 1920இல் நியூயோர்க்கின் ஹரோல்ட் பார்டி அதே மாற்றத்தை மனிதரில் கண்டார். மாரடைப்பின்போது எஸ்ஸுக்கும் ரிக்கும் இடையிலுள்ள எஸ்.ரி. கோடு அடிக்கோட்டுக்கு இறங்கி வராமல் மேலேயே நின்றுவிடுகிறது என்றார். இன்று ஏறாவூரிலும் மட்டக்களப்பிலும் அவசரப் பிரிவில் முதலில் தேடுவது அதைத்தான்.

கோடு ஏன் மேலே நிற்கிறது? இரத்தம் கிடைக்காத தசையால் தன் மின்னூட்டத்தைப் பக்கத்துத் தசைபோல் பிடித்து வைத்திருக்க முடியாது. இரண்டுக்கும் இடையே, இருக்கக்கூடாத நேரத்தில், மின்சாரம் ஓடுகிறது. அது ஓடும்வரை கோடு உயர்ந்தே நிற்கும். தசை செத்துவிட்டால் அந்த ஓட்டமும் நிற்கும். செத்த இடம் பேசாது. இதயத்தின் சுவரில் யன்னல் வெட்டியதுபோல, மின்முனை அதனூடாக எதிர்ப்பக்கத்துச் சுவரைப் பார்க்கும். ஆழமான கியூ அலை வருவது அப்படித்தான். ஆகவே உயர்ந்த எஸ்.ரி. இப்போது நடக்கிற சேதம், கியூ முடிந்துபோன சேதம். நெஞ்சில் எந்த இடத்தில் மின்முனை வைப்பது என்பதை மிச்சிகனின் ஃபிராங்க் வில்சன் 1930களில் திருத்தி எடுக்க, 1938இல் அமெரிக்க, பிரித்தானிய இதய நிபுணர்கள் சேர்ந்து ஆறு இடங்களைப் பொதுவாக்கினார்கள். சேதம் முன்பக்கமா, கீழ்ப்பக்கமா, எவ்வளவு பெரியது என்று அளவிட வழி கிடைத்தது.

அளவு கிடைத்தவுடன் எதிர்காலம் சொல்லத் தொடங்கியிருக்கலாமே? தொடங்கவில்லை. மாரடைப்பு வந்தவரை வாரக்கணக்கில் அசையாமல் கட்டிலில் கிடத்துவதுதான் அன்றைய வைத்தியம். தப்புவார், தப்பமாட்டார் என்று தெரிந்தாலும் செய்வதற்கு வேறொன்றும் இல்லை. அப்படிப்பட்ட அறிவை யாரும் தேடிப் போவதில்லை. நிலைமை மாறியது 1960களில். திடீரென்று துடிப்புக் குழம்பி நின்ற இதயத்தை மின்சார அதிர்ச்சியால் மீட்கலாம் என்று ஆனபோது, அப்படிக் குழம்பக்கூடியவர் யார் என்று முன்கூட்டித் தெரிந்துகொள்வதில் லாபம் வந்தது. மாரடைப்பு நோயாளிகளை ஒரே இடத்தில் வைத்து, ஈ.சி.ஜி.யை இடைவிடாமல் பார்க்கவேண்டும் என்று 1961இல் டெஸ்மண்ட் ஜூலியன் எழுதினார். இதய அவசர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடு அப்படி வந்தது.

கணக்கு வைக்கிறவர்களும் அப்போதுதான் வந்தார்கள். 1962இல் கிளாஸ்கோவில் பீலும் கூட்டாளிகளும் வயது, பழைய வருத்தம், அதிர்ச்சி நிலை, இதயத் தளர்ச்சி, ஈ.சி.ஜி., துடிப்பின் ஒழுங்கு ஆகியவற்றுக்குப் புள்ளி போட்டு, கூட்டுத்தொகை ஏற ஏற மரணமும் ஏறுவதைக் காட்டினார்கள். 1969இல் ஓக்லாந்தின் நொரிஸ் இன்னொரு பட்டியல் செய்தார். அதில் ஈ.சி.ஜி. காட்டும் சேதத்தின் இடத்துக்கும் புள்ளி உண்டு. நடுவில், 1967இல், நியூயோர்க்கின் கிலிப்பும் கிம்பாலும் 250 நோயாளிகளை வைத்துச் செய்த வேலை இவை இரண்டையும்விட எளிமையானது. நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்து, நுரையீரலில் நீர்க்கறகறப்பு கேட்கிறதா, எவ்வளவு தூரம் கேட்கிறது, இரத்த அழுத்தம் விழுந்துவிட்டதா என்று பார்த்து நாலு வகுப்பாகப் பிரித்தார்கள். முதல் வகுப்பில் இறந்தவர்கள் நூற்றுக்கு 6, பிறகு 17, 38, கடைசி வகுப்பில் 81. ஈ.சி.ஜி.யின் பெருமையைச் சொல்ல வந்த கட்டுரையில் இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையில்லை. இன்றைக்கும் கிலிப்பின் நாலு வகுப்பு எல்லா வாட்டிலும் புழங்குகிறது. காதால் கேட்டது அவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

இனி வருவதுதான் இந்தக் கதையின் கசப்பான பகுதி. மாரடைப்பிலிருந்து தேறியவர்களின் ஈ.சி.ஜி.யில் அங்கங்கே ஒரு துடிப்பு முந்திக்கொண்டு, அகலமாக, விகாரமாக வரும். இதயத்தின் கீழறையில் பிறக்கும் மிகைத் துடிப்பு அது. இப்படித் துடிப்பு அதிகம் உள்ளவர்கள், மணிக்குப் பத்துக்கு மேல் என்று எல்லை வைத்தார்கள், பிறகு திடீரென்று இறப்பது கூடுதல் என்பது 1970களிலும் 80களிலும் உறுதியாயிற்று. பிறகு எல்லாரும் எடுத்த அடுத்த அடி இயல்பானது. மிகைத் துடிப்பு மரணத்தைக் காட்டுகிறது, மிகைத் துடிப்பை அடக்கும் மாத்திரை இருக்கிறது, கொடு. உலகம் முழுவதும் கொடுத்தார்கள். கோடு அழகாகிவிட்டது. வைத்தியரும் நோயாளியும் தாளைப் பார்த்துத் திருப்தியானார்கள்.

அமெரிக்காவில் அதைச் சோதித்துப் பார்த்த காஸ்ட் என்ற பரிசோதனை 1987இல் தொடங்கியது. முதலில் எல்லாருக்கும் மாத்திரை கொடுத்துப் பார்த்து, யாருக்கு மிகைத் துடிப்பு உண்மையாகவே அடங்கியதோ அவர்களை மட்டும் எடுத்தார்கள். அவர்களில் பாதிப்பேருக்கு என்கெய்னைடு அல்லது ஃபிளெகெய்னைடு, பாதிப்பேருக்கு வெற்று மாத்திரை. 1989இல் இந்த இரண்டு மருந்தையும் அவசரமாக நிறுத்தவேண்டி வந்தது. 1991இல் வந்த முழுக் கணக்கின்படி மருந்து உண்ட 755 பேரில் 63 பேர் இறந்திருந்தார்கள், வெற்று மாத்திரை உண்ட 743 பேரில் 26 பேர். கோட்டைத் திருத்திய மருந்து ஆளைக் கொன்றிருக்கிறது. மிகைத் துடிப்பு, சேதப்பட்ட தசை இருக்கிறது என்பதற்கான அடையாளம். அடையாளத்தை அழித்தால் தசை தேறாது. அந்த மருந்தோ, சேதப்பட்ட தசையில் மின்சாரம் போகும் வேகத்தைக் குறைத்து, புதிய குழப்பத்துக்கு வழி திறந்துவிடுகிறது. வெற்று மாத்திரை கொடுத்து எண்ணிப் பார்த்திராவிட்டால் இது வெளியே வந்தே இருக்காது. ஆட்கள் மாரடைப்பால் இறந்தார்கள் என்றே ஊர் சொல்லியிருக்கும், வைத்தியரும் அப்படித்தான் எழுதியிருப்பார்.

காஸ்டுக்குச் சற்று முன்பு, 1987இல், ரொபர்ட் கிளைகரும் கூட்டாளிகளும் வேறொன்றைக் கண்டார்கள். மாரடைப்பிலிருந்து மீண்ட 808 பேருக்கு 24 மணி நேர ஈ.சி.ஜி. எடுத்து, ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையிலுள்ள நேரம் எவ்வளவு மாறுகிறது என்று அளந்தார்கள். ஆரோக்கியமான இதயம் ஒரே தாளத்தில் அடிப்பதில்லை. மூச்சு இழுக்கும்போது கொஞ்சம் வேகம், விடும்போது கொஞ்சம் மெதுவு, தூக்கத்தில் வேறு கதி. வேகஸ் நரம்பு ஓயாமல் பிடித்தும் விட்டும் செய்கிற வேலை இது. இந்த ஏற்ற இறக்கம் 50 மில்லிசெக்கனுக்குக் கீழே போய், துடிப்பு ஒரே சீராகிவிட்டவர்களில் மரணம், 100 மில்லிசெக்கனுக்கு மேலிருந்தவர்களைவிட 5.3 மடங்கு. சீரான துடிப்பு நல்லது என்று நினைத்திருந்தோம்.

"இது எங்கள் பரியாரிக்கு அப்போதே தெரியும்" என்று இந்த இடத்தில் யாராவது தொடங்குவார். நாடி பார்க்கிறவர் விரலில் நிறைய அறிவு உண்டுதான். ஆனால் செக்கனின் இருபதில் ஒரு பங்கு அளவிலான வித்தியாசத்தை, தூக்கமும் விழிப்புமாக ஒரு நாள் முழுவதும் தொகுத்து, 808 பேரை வருடக்கணக்கில் பின்தொடர்ந்து எண்ணுவது விரலால் ஆகிற காரியம் இல்லை.

இவ்வளவு பேசிய துடிப்பு ஏற்ற இறக்கம் இன்று கிளினிக்கில் ஏன் காணப்படுவதில்லை? வீடு போனவர் வருடக்கணக்கில் எப்படி இருப்பார் என்ற கேள்வியை ஸ்கேன் எடுத்துக்கொண்டுவிட்டது. எக்கோ ஸ்கேனில் இதயம் ஒரு துடிப்புக்குத் தன்னிடமுள்ள இரத்தத்தில் எத்தனை வீதத்தை வெளியே தள்ளுகிறது என்று பார்ப்பார்கள். 30 வீதமோ அதற்குக் குறைவோ என்றால், அதிர்ச்சி கொடுக்கும் சிறு கருவியை நெஞ்சுக்குள் வைத்துவிடுவது உயிரைக் காக்கும் என்று 2002இல் மாடிட்-2 பரிசோதனை காட்டியது. இங்கே எண்ணும் உண்டு, எண்ணைக் கண்டபின் செய்ய வேண்டியதும் உண்டு.

ஆனால் முதல் சில மணி நேரத்தில் ஈ.சி.ஜி.யை வெல்ல இன்னும் எதுவும் வரவில்லை. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி உயிரைக் காக்கிறது என்று 1986இல் இத்தாலியின் கிஸ்ஸி பரிசோதனை பதினோராயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளைக் கொண்டு நிரூபித்தது. ஊசி போட்டாயிற்று, குழாய் திறந்ததா? சாயம் ஏற்றி எக்ஸ்ரேயில் குழாயைப் பார்க்கும் வசதி எல்லா இடத்திலும் இருக்கவில்லை. பெர்லினின் ரோல்ஃப் ஷ்ரோடர் இதற்கு ஒரு எளிய வழியை முன்வைத்தார். ஊசிக்கு முன் எடுத்த தாளில் எஸ்.ரி. எத்தனை மில்லிமீற்றர் உயர்ந்திருந்தது, மூன்று மணி நேரம் கழித்து எத்தனை என்று ஒப்பிடுவது. 70 வீதமோ அதற்கு மேலோ இறங்கியிருந்தால் முழு இறக்கம், 30க்குக் கீழே என்றால் இறங்கவே இல்லை, நடுவில் அரைகுறை. 1995இல் வெளியான இன்ஜெக்ட் பரிசோதனைக் கணக்கில் 35 நாட்களுக்குள் இறந்தவர்கள், முழு இறக்கம் கண்டவர்களில் 2.5 வீதம், அரைகுறையில் 4.3, இறங்காதவர்களில் 17.5.

ஒரு அடிமட்டமும் இரண்டு தாளும் போதும். "ஆள் தப்புமா?" என்பதற்கு இதைவிட மலிவான, இதைவிட நேரான பதிலை நான் அறியேன். இப்போது மூன்று மணி நேரம் காத்திருப்பதில்லை. ஊசி போட்டு 60 முதல் 90 நிமிடத்துக்குள் இரண்டாவது ஈ.சி.ஜி. எடுத்து, பாதியளவுகூட இறங்கவில்லை என்றால், குழாயை உள்ளிருந்து திறக்க வசதியுள்ள இடத்துக்கு உடனே அனுப்புவதுதான் முறை.

இந்த அனுப்பும் காரியத்தில் நமக்குக் கிட்டிய பாடம் தமிழ்நாட்டில் இருக்கிறது. கோயம்புத்தூரின் தோமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் அஜித் முல்லசாரியும் சேர்ந்து, சிறிய ஆஸ்பத்திரிகளைப் பெரிய ஆஸ்பத்திரிகளோடு இணைத்தார்கள். சிறிய இடத்திலோ அம்புலன்சிலோ எடுத்த ஈ.சி.ஜி. பெரிய இடத்து நிபுணரின் கைக்குப் போகும். நாலு வட்டாரங்களில் 2,420 நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2017இல் வெளியிட்ட கணக்கில், ஒரு வருடத்துக்குள் இறப்பவர்கள் 17.6 வீதத்திலிருந்து 14.2ஆகக் குறைந்திருந்தார்கள். புதிய மருந்தொன்றும் அங்கே கண்டுபிடிக்கப்படவில்லை. தாள் சரியான நேரத்தில் சரியான ஆளிடம் போனது.

சித்தாண்டியிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு மாவடிவேம்பு, வந்தாறுமூலை, செங்கலடி, ஏறாவூர் என்று இருபது கிலோமீற்றர் அளவு. இந்திய உதவியோடு 2016இல் நாட்டில் தொடங்கிய, 1990 என்ற இலக்கத்துக்கு அழைக்கும் அம்புலன்ஸ் சேவை இருக்கிறது, தெருவும் நல்ல தெரு. நேரம் போவது தெருவில் இல்லை. இந்தியாவின் 89 ஆஸ்பத்திரிகளில் நடத்தி 2008இல் வெளியான கிரியேட் ஆய்வில், நோயாளிகளில் பாதிப்பேர் வலி தொடங்கி ஆறு மணி நேரம் கழித்தே ஆஸ்பத்திரி வந்திருந்தார்கள். வந்த பிறகு ஊசி ஏறுவதற்கு எடுத்த நேரமோ ஐம்பது நிமிடம். வயலில் கிடந்த வேலையை முடித்துவிட்டுப் போகலாம், விடியட்டும், வாயுதான் என்று வீட்டில் கழியும் நேரம் அது. எங்கள் பக்கத்திலும் பெரிய வித்தியாசம் இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

வீட்டார் செய்யக்கூடிய இன்னொரு காரியம் பழைய தாளைப் பத்திரப்படுத்துவது. ஒருமுறை பெரிய மாரடைப்பு வந்து தேறிய சிலருக்கு, வடுப்பட்ட இடம் வீங்கி, எஸ்.ரி. கோடு நிரந்தரமாகவே உயர்ந்து நின்றுவிடும். அவர் மறுபடி நெஞ்சுவலி என்று வரும்போது, தாளைப் பார்க்கும் வைத்தியருக்கு அது புதிய மாரடைப்பு போலவே தெரியும். கட்டி கரைக்கும் ஊசி சும்மா போடும் ஊசி இல்லை, மூளையில் இரத்தம் கசியும் ஆபத்து அதற்கு உண்டு. போன வருடத்துத் தாளிலும் கோடு இப்படித்தான் இருந்தது என்று கண்டால் முடிவு மாறலாம். மறுபக்கமாக, பழைய தாளில் இல்லாத மாற்றம் புதியதில் இருந்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கத் தேவையில்லை. ஆகவே டயக்னோசிஸ் காட்டோடும் கிளினிக் கொப்பியோடும் ஈ.சி.ஜி.யையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒரு எச்சரிக்கை: அந்தத் தாளில் பெரும்பாலும் மை கிடையாது. சூடு பட்டுக் கறுக்கிற தாள் அது. வெயிலிலும் பொலித்தீன் உறைக்குள்ளும் கிடந்தால் கோடு வெளிறி, சில வருடத்தில் வெறும் கட்டம் மட்டும் மிஞ்சும். எடுத்த கிழமையே செங்கலடியில் ஒரு போட்டோக்கொப்பி எடுத்து வையுங்கள், போனிலும் ஒரு படம் பிடித்து மகனுக்கோ மகளுக்கோ அனுப்பிவிடுங்கள். திகதியும் நேரமும் படத்தில் விழுந்திருக்கிறதா என்று ஒருக்கால் பாருங்கள்.